திருவிழாத் தகராறு வழக்கில் விடுதலையானவர் காவலர் தேர்வுப் படிவத்தில் என்ன எழுத வேண்டும்?

கரிசல்காடன்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வையும் உடற்தகுதித் தேர்வையும் முடித்துவிட்டு, முன்நடத்தைச் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கிறேன். 1500 மீட்டர் ஓட்டமும் கயிறு ஏறுதலும் எனக்குப் பெரிய சவாலாக இருக்கவில்லை. கையில் இருக்கும் படிவத்தில், உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் இருந்ததா என்று கேட்கும் ஒரு கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் கல்லூரி முதலாண்டு படித்தபோது எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில், முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் இரு தரப்புக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டுக் கைகலப்பானது. எங்கள் தரப்பில் ஐந்து பேர் மீது இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(1) (ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, மிரட்டியது) ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவானது. அதில் நான் மூன்றாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் மூன்றாமவன். நான் ஒருவரைப் பிடித்துத் தள்ளியது உண்மை, யாரையும் அடிக்கவில்லை. பிறகு ஊர்ப் பெரியவர்கள் பேசிச் சமாதானம் செய்துவைத்தார்கள். புகார்தாரரும் மற்ற சாட்சிகளும் நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி ஆனதால் (முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னதால்), சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து விடுதலை செய்வதாகத் தீர்ப்பாயிற்று.

பயிற்சி மையத்தில் உடன் படிப்பவர்கள், விடுதலை ஆகிவிட்ட வழக்கு இல்லாத வழக்குத்தான், ஆகவே “இல்லை” என்று எழுதிவிடு என்கிறார்கள். என் தாய்மாமாவோ எல்லாவற்றையும் எழுதிவிடச் சொல்கிறார். எழுதினால் வேலை கிடைக்குமா, எழுதாவிட்டால் தெரிந்துவிடுமா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஐயத்துக்கு இடமே இல்லை: தெரிந்துவிடும். உங்கள் படிவம் மாவட்டக் காவல்துறையில் ரகசிய விசாரணை செய்யும் தனிப்பிரிவுக்கு வந்து, அங்கிருந்து நீங்கள் வசிக்கும் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்குப் போகும். நிலையத்தில் முதல் தகவல் அறிக்கைகள் இப்போது கணினியில் இருக்கின்றன. பெயரையும் தந்தை பெயரையும் தட்டினால் வந்து நிற்கும். அதற்கும் மேலாகத் தனிப்பிரிவுக் காவலர் உங்கள் தெருவுக்கே வருவார். நேராக உங்கள் வீட்டுக்கு வரமாட்டார். முதலில் டீக்கடையில் உட்கார்ந்து, பிறகு நியாயவிலைக் கடை, பால் சொசைட்டி என்று விசாரித்துவிட்டுத்தான் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். கொடையில் எதிர்த்தரப்பில் நின்றவர்களில் ஒருவர் போதும், ஆண்டு, தேதி, யார் யாரை என்ன சொன்னார் என்பது வரை ஒப்பித்துவிடுவார்.

நான் பணியில் இருந்தபோது இத்தகைய அறிக்கைகள் பலவற்றைத் தயாரித்திருக்கிறேன். வழக்கு இருந்ததை எழுதியவரின் அறிக்கையில் “மனுதாரர் தெரிவித்துள்ளார்” என்ற வரியைச் சேர்ப்போம். எழுதாதவருக்கு “மறைத்துள்ளார்” என்று எழுதுவோம். மேலதிகாரியின் பார்வை முதலில் போய் விழுவது அந்த ஒரு சொல்லில்தான். வழக்கு பெரிதா சிறிதா என்பதைப் பிறகுதான் பார்ப்பார். உங்கள் மாமா சொல்வதைக் கேளுங்கள்.

நகல்மனு

நான் வழக்கறிஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பணி தொடர்பான வழக்குகளை நடத்துகிறேன். பெரியவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அவர் தொடாத பகுதியைச் சொல்கிறேன். மறைப்பது தவறு என்பது சரியே. ஆனால் உண்மையை எழுதிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்ற எண்ணத்தையும் தம்பி வளர்த்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்றொரு விதி இருக்கிறது. நேரடி நியமனத்துக்கு வருபவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2003-இல் அதற்கு இரண்டு விளக்கங்கள் சேர்க்கப்பட்டன. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலை பெற்றவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்பது முதல் விளக்கம். சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்த வழக்கு பிற்பாடு களங்கமற்ற விடுதலையில் (குற்றமற்றவர் என்ற விடுதலையில்) முடிந்தாலோ, பொருண்மைப் பிழை (புகாரே தவறான தகவலில் எழுந்தது) என்று கைவிடப்பட்டாலோ, அவர் சம்பந்தப்படாதவராகக் கருதப்படுவார், ஆனால் அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் பணிக்கு உரிமை கோர முடியும் என்பது இரண்டாவது விளக்கம். இந்த விதி செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்குகளை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, 2008-இல் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

முதல் விளக்கம் சொல்லும் சந்தேகத்தின் பலன், பிறழ்சாட்சி இரண்டுமே உங்கள் தீர்ப்பில் இருக்கின்றன என்பது கசப்பான செய்திதான். நம் ஊர்களில் அடிதடி வழக்குகளை முடிக்கும் வழக்கமான வழி, காவலர் பணிக்குப் போக நினைப்பவருக்கு மிக மோசமான வழி. 323-உம் 506(1)-உம் இரு தரப்பும் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளக்கூடிய பிரிவுகள். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதாகச் சொல்லும் 294(பி) அப்படிப்பட்டதல்ல. அந்த ஒரு பிரிவு கூட இருப்பதால்தான் வழக்கை நேராகச் சமரசத்தில் முடிக்க முடியாமல், சாட்சிகளை “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லவைத்து முடிக்கிறார்கள். அன்றைக்கு அது எல்லோருக்கும் எளிதாக இருக்கும். ஐந்து பேரில் ஒருவன் காக்கிச் சட்டை போட ஆசைப்படும்போதுதான் அதன் விலை தெரியவரும். 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவற்றின் எண்கள் மாறிவிட்டன; ஆனால் திருவிழாத் தகராறு என்றால் இதே மூன்றும் புதிய எண்களோடு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் வழங்கிய மூன்று நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு. படிவத்தில் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்பதை அது தளர்த்தவில்லை. ஆனால் இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தால்கூட, பணியமர்த்துபவர் தம் விருப்புரிமையைப் பயன்படுத்தி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. உண்மையைச் சொன்னவரையும் அவருடைய முன்நடத்தையைப் பரிசீலித்து ஏற்கவோ மறுக்கவோ பணியமர்த்துபவருக்கு உரிமை உண்டு, நியமித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பலரும் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள்.

வயலூரான்

நீங்கள் இருவரும் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் கிராமத்தில் முதல் தகவல் அறிக்கையில் பெயர்கள் எப்படிச் சேர்க்கப்படுகின்றன என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் பகுதியில் வரப்புத் தகராறு என்றாலும் சரி, குழாயடிச் சண்டை என்றாலும் சரி, புகார் எழுதும்போதே எதிர்வீட்டில் யார் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிறான், யார் ராணுவத்துக்கு ஓடிப் பழகுகிறான் என்று பார்த்து அவன் பெயரை முதல் வரிசையில் சேர்ப்பார்கள். அன்றைக்கு அவன் ஊரிலேயே இருந்திருக்க மாட்டான். அப்பனுக்கு ஒரு வழக்கு வந்தால் அபராதத்தோடு போகும். மகனுக்கு வந்தால் குடும்பத்தின் பத்தாண்டுக் கனவு போய்விடும் என்பது எழுதுபவருக்குத் தெரியும். புகார் கொடுத்த கையோடு மறுதரப்பும் எதிர்ப்புகார் கொடுக்கும். நிலையத்தில் இரண்டையும் பதிந்து, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

என் பெரியப்பா மகனுக்கு இதுதான் நடந்தது. மாவட்டத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. எல்லாத் தேர்விலும் தேறிய பிறகு, அவனுக்குத் தொடர்பே இல்லாத ஒரு வாய்க்கால் தகராறு வழக்கைக் காட்டி நிராகரித்துவிட்டார்கள். அந்த வழக்கும் சமாதானமாகி, பிறழ்சாட்சியில் முடிந்ததுதான். சமாதானமாகப் போனதற்குத் தண்டனையா? இந்த விதி குற்றவாளிகளை வடிகட்டுகிறதா, அல்லது பகையாளிக்கு ஓர் ஆயுதத்தைக் கொடுக்கிறதா என்று பெரியவர்தான் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

வயலூரான் சொல்வதை நான் மறுக்கப்போவதில்லை. அப்படிப் பெயர் சேர்ப்பது நடக்கிறது. விசாரணை அதிகாரி சம்பவ நேரத்தில் யார் எங்கே இருந்தார் என்று ஒழுங்காகப் பார்த்தால் குற்றப்பத்திரிகையிலேயே அந்தப் பெயர் விடுபட்டிருக்கும். அப்படிப் பாராமல் விடுவது எங்கள் துறையின் குறைதான்.

ஆனாலும் விதியை முழுக்கத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு காவலர் ஆண்டுதோறும் எத்தனையோ முறை சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர். எதிரித் தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில், “நீங்களே அடிதடி வழக்கில் மூன்றாம் எதிரியாக இருந்தவர்தானே, அந்த வழக்கில் சாட்சிகளைப் பிறழவைத்துத்தானே வெளியே வந்தீர்கள்” என்று கேட்டால், அவர் கைப்பற்றிய பொருளும் அதைப் பற்றி எழுதிய மகஜர் என்ற பதிவும் சேர்ந்து ஆட்டங்காணும். பிறழ்சாட்சியால் வழக்குகள் சரிவதை நாள்தோறும் பார்த்து வெறுத்துப்போன ஒரு துறை, அதே வழியில் விடுதலையானவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குவது இயல்பு. சமாதானமாகப் போனவரையும் சாட்சியை மிரட்டிப் பிறழவைத்தவரையும் தீர்ப்பு நகலை மட்டும் வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

நகல்மனு

பிரித்துப் பார்க்க முடியும் ஐயா, தீர்ப்பின் கடைசிப் பத்தியோடு நின்றுவிடாமல் முழுவதையும் படித்தால். நடுவர் நீதிமன்றத் தீர்ப்புகளில் “சந்தேகத்தின் பலன்” என்பது பெரும்பாலும் கைப்பழக்கத்தில் வந்து விழும் வாசகம். ராஜஸ்தான் காவலர் ஒருவரைப் பணிநீக்கம் செய்த வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: “சந்தேகத்தின் பலன்”, “களங்கமற்ற விடுதலை” போன்றவை மந்திரச் சொற்கள் அல்ல, தீர்ப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் அந்த விடுதலை எத்தகையது என்று முடிவு செய்ய வேண்டும். அது ஏற்கெனவே பணியில் இருந்தவரின் வழக்கு, புதிதாகத் தேர்வாகிறவருக்கு அப்படியே பொருந்தாது என்று அரசுத் தரப்பு வாதிடும். அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

தேர்வானவர்களின் வழக்குகளில் உச்ச நீதிமன்றமே ஒரே குரலில் பேசியதில்லை. டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்குத் தேர்வான சந்தீப் குமார் வழக்கில், இளைஞர்கள் செய்யும் சிறு தவறுகளை மன்னிக்க வேண்டும் என்று 2011-இல் சொன்னது. அதே டெல்லி காவல்துறை தொடர்பான மெஹர் சிங் வழக்கில், சமரசத்தால் கிடைத்த விடுதலை களங்கமற்ற விடுதலை ஆகாது, தேர்வுக் குழு அதைக் கருத்தில் கொள்ளலாம் என்று 2013-இல் சொன்னது. 2022-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படை தொடர்பான சதீஷ் சந்திர யாதவ் வழக்கில் சீருடைப் பணிக்குக் கடுமையான அளவுகோல் தேவை என்ற பக்கம் சாய்ந்தது. 2024 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரவீந்திர குமார் என்பவருக்கு, வழக்கு எதுவும் இல்லை என்று அவர் உறுதிமொழி கொடுத்திருந்தபோதிலும், அவர் ஏற்கெனவே விடுதலையாகியிருந்ததையும், கிராமப் பின்னணியையும், அவருக்காகக் காவல் நிலையமே நல்ல அறிக்கை கொடுத்திருந்ததையும் கருதி நிவாரணம் தந்தது. ஆகவே எந்தத் தீர்ப்பை நீட்டினாலும் எதிரே இன்னொரு தீர்ப்பு நீளும்.

வயலூரானுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் சகோதரர் வழக்கு நிலுவையில் இருந்தபோதே, தன்னைப் பொறுத்தவரை அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்கு வந்திருக்கலாம். ஊரில் இல்லாதவருக்குக் கல்லூரி வருகைப் பதிவேடு, விடுதிப் பதிவேடு போன்ற ஆவணங்களே பேசும். தகுதியின் அடிப்படையில் ரத்தாகும் வழக்கும், சாட்சிகள் பிறழ்ந்ததால் சரியும் வழக்கும் சரிபார்ப்பு அதிகாரியின் மேசையில் ஒன்றாக எடை போடப்படுவதில்லை. காவலர் தேர்வுக்குத் தயாராகும் மகனை வைத்திருக்கும் பெற்றோர், “கேஸ் தானாக முடிந்துவிடும்” என்று இருப்பதைப்போல ஆபத்தான சோம்பல் வேறில்லை.

கீழத்தெரு

என் தம்பிக்குப் பதினேழு வயதில் ஒரு வழக்கு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பேருந்து நிறுத்தத்தில் வேறொரு பள்ளி மாணவர்களோடு சண்டை போட்டதற்காக இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டு, அறிவுரை கூறி அனுப்பப்பட்டான். அவனும் இப்போது காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். அவனும் இதை எழுத வேண்டுமா?

நகல்மனு

உங்கள் தம்பியின் நிலை முற்றிலும் வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குள் செய்த செயலுக்காக அந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்கு உள்ளானவருக்கு அதனால் எந்தத் தகுதிக்குறைவும் வரக்கூடாது. உரிய காலம் முடிந்ததும் அந்தப் பதிவுகளையே அழித்துவிட வேண்டும். பதினாறு வயதைக் கடந்து, கொடுங்குற்றத்துக்காக வயதுவந்தவரைப் போல விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பள்ளிப் பையன்களின் கைகலப்பு அதில் வராது. சிறார் பருவத்தில் வழக்கில் சிக்கிப் பின்னர் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ரமேஷ் பிஷ்னோய் என்பவருக்கு, 2019-இல் உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. குழுமத்தின் இறுதி உத்தரவு நகலையும் வயதுக்கான சான்றையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் என்ன எழுதுவது என்பதை, கேள்வியின் வாசகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழக்கறிஞரிடம் நேரில் கேளுங்கள்.

பட்டாலியன் ஆசை

என்னுடையது சண்டை இல்லை. 2020 ஊரடங்கில் பைக்கில் வெளியே போனதற்காக வண்டியைப் பறித்துக்கொண்டு, அரசு உத்தரவை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டம் 188-இல் வழக்குப் போட்டார்கள். அதற்கு முன்பு ஒருமுறை நண்பன் பிறந்தநாளில் நடுரோட்டில் கேக் வெட்டிக் கூச்சல் போட்டதற்கு 75 போட்டு, நீதிமன்றத்தில் சில நூறு ரூபாய் கட்டிவிட்டு வந்தேன். இரண்டுமே வழக்குக் கணக்கில் வருமா?

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

ஊரடங்கு வழக்கைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். ஏறத்தாழ பத்து லட்சம் ஊரடங்கு வழக்குகள் திரும்பப் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் அறிவித்தார். உங்களுடையதும் அந்தக் கணக்கில் முடிந்துவிட்டதா என்று நிலையத்தில் கேட்டு எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியபின் அதையும் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.

75-தான் நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கலானது. நகரக் காவல் சட்டத்தின் அந்தப் பிரிவில் மாட்டுகிற பையன்களுக்கு, ஒத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டுப் போ, அரை நாளில் முடிந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானே அப்படிச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது விடுதலை அல்ல, தண்டனைத் தீர்ப்பு. ஹெல்மெட் போடாததற்குச் சாலையிலேயே ரசீது வாங்கிக் கட்டும் தொகையும் இதுவும் ஒன்றல்ல. படிவத்தில் “தண்டிக்கப்பட்டுள்ளீரா” என்ற கேள்விக்கு நீங்கள் “ஆம்” என்றுதான் எழுத வேண்டும். இது அற்ப வழக்கு என்று வாதிட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. ஆனால் எழுதியிருந்தால்தான் அந்த வாதம் எடுபடும்.

கரிசல்காடன்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி எழுதுவது, நிராகரித்தால் அடுத்து என்ன செய்வது என்று வழக்கறிஞர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும். எனக்கு வயது 22. நான் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன்.

நகல்மனு

உங்கள் பிரிவுக்கு 28 வயது வரை வரம்பு இருப்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. முதலில் அந்த நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகல், முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, புகார்தாரரின் வாக்குமூலம் ஆகிய நான்கையும் வாங்குங்கள். வலைத்தளத்திலிருந்து எடுத்த அச்சு போதாது. புகார்தாரரின் வாக்குமூலத்தைக் கட்டாயம் வாங்குங்கள். அவர் உங்கள் பெயரைச் சொல்லி எந்தச் செயலையும் சுமத்தவில்லை என்றால், உங்கள் விடுதலை பிறழ்சாட்சியால் மட்டும் வந்ததல்ல, உங்களுக்கு எதிராகச் சாட்சியமே இல்லாததால் வந்தது என்று வாதிட அதுவே ஆதாரம்.

படிவத்தில் சமாதானக் கதையையோ, எதிர்த்தரப்பின் குறைகளையோ எழுதாதீர்கள். காவல் நிலையம், குற்ற எண், பிரிவுகள், நீதிமன்றம், வழக்கு எண், தீர்ப்பு நாள், விடுதலை என்ற முடிவு, நகல் இணைக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பு ஆகியவை போதும். இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இணைத்து, “தனித்தாள் காண்க” என்று அந்தக் கட்டத்தில் குறிப்பிடுங்கள். சமர்ப்பிப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நீங்கள் மறைத்தீர்கள் என்று யாரேனும் சொன்னால் அந்தப் படிகள்தான் பேசும்.

நிராகரிப்பு வந்தால் எழுத்துமூலமான உத்தரவை வாங்காமல் விடாதீர்கள். உத்தரவில் 14(பி) என்று மட்டும் சொல்லிவிட்டு, வழக்கின் தன்மை, உங்கள் வயது, நீங்களே தெரிவித்தது ஆகியவற்றை ஆராய்ந்ததற்கான தடயமே இல்லையென்றால், அவதார் சிங் தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம். இத்தகைய மனுக்களில் நீதிமன்றம் பெரும்பாலும் நேரடியாகப் பணி கொடுக்கச் சொல்வதில்லை. மறுபரிசீலனை செய்யும்படி திருப்பி அனுப்பும். அதே அதிகாரி வேறு காரணம் எழுதி மீண்டும் மறுக்கவும் கூடும். வழக்கு முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வையும் எழுதிக்கொண்டிருங்கள். அங்கும் சரிபார்ப்பு உண்டு, ஆனால் காவலர் பணிக்குரிய இந்த விதியின் இறுக்கம் அங்கே இல்லை.

கரிசல்காடன்

நகல் மனுவைத் திங்கட்கிழமை போடுகிறேன் ஐயா. எங்கள் ஐந்து பேரில் இன்னொருவரும் சிறைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவர் “இல்லை” என்று எழுதி ஏற்கெனவே அனுப்பிவிட்டார். அவர் இப்போது திருத்த முடியுமா?

நகல்மனு

சரிபார்ப்பு அறிக்கை போவதற்கு முன்பே, விடுபட்டதைத் தெரிவித்து, ஆவணங்களை இணைத்து, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அதை ஏற்றே ஆக வேண்டும் என்று அதிகாரியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இருந்தாலும் அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் தாமாக முன்வந்து சொன்னதற்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. நீங்கள் இருவரும் ஒரே வழக்கின் எதிரிகள் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள். நீங்கள் இணைக்கப்போகும் தீர்ப்பு நகலில் அவருடைய பெயரும் இருக்கிறது.